கியர் மாற்றும்போது ஆர்பிஎம் ஊசி எங்கே போய் நிற்க வேண்டும்

சனிக்கிழமை சாயங்காலம் தாப்பாவில் எண்ணெய் (பெட்ரோல்) நிலையத்துப் பக்கம் சும்மா நின்றால் போதும். கேமரன் மலைக்கு ஏறப் போகும் மேனுவல் கார்களின் சத்தத்தை வைத்தே யாருக்குக் கியர் மாற்றத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். பழைய சத்ரியா ஜிடிஐ, ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்) எஞ்சின் இறக்கிய சிவிக், மேனுவல் மைவி எல்லாம் வரும். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது சில கார்களின் மூக்கு ஒரு குத்து குத்தி நிமிரும். அடுத்த வாரம் அதே கார் பட்டறையில் நிற்கும். "பாக்ஸ் போச்சுண்ணே" என்று கியர் பாக்ஸைச் சொல்வார் சொந்தக்காரர். பட்டறை போமன் (மெக்கானிக்) ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு தம்பி, காலுதான் அவசரப்படுது" என்பார்.

கியரைப் போட்டுக் கிளட்சை முழுசாக விட்டபின் எஞ்சினுக்கென்று தனி விருப்பம் கிடையாது. சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதைக் கியர் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவ் (பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள கடைசிக் கியர்) விகிதத்தாலும் பெருக்கினால் வருவதுதான் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை. ஆகவே கியர் மாற்றியதும் ஆர்பிஎம் மீட்டரின் ஊசி எங்கே போய் நிற்கும் என்பது நீங்கள் கைப்பிடியைத் தொடும் முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. எஞ்சினை அந்த எண்ணுக்கு உங்கள் வலது கால் கொண்டுபோகுமா, அல்லது கிளட்ச் தட்டு கழுத்தைப் பிடித்து இழுத்துப் போகுமா என்பது மட்டும்தான் பாக்கி.

வெறும் பேச்சாக இருக்க வேண்டாம். ஹோண்டாவின் இ.ஜி. தலைமுறைச் சிவிக்கில் வந்த பி16ஏ எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் எடுத்துக்கொள்வோம். விகிதங்கள் வரிசையாக 3.230, 2.105, 1.458, 1.107, 0.848. ஃபைனல் டிரைவ் 4.400. டயர் 195/55, பதினைந்து அங்குல ரிம். இதன் சுற்றளவு ஏறத்தாழ 1.87 மீட்டர். கணக்குப் போட்டால் எஞ்சினின் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் முதல் கியரில் மணிக்கு 7.9 கிலோமீட்டர், இரண்டில் 12.1, மூன்றில் 17.5, நான்கில் 23, ஐந்தில் 30. இந்த ஐந்து எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவைத்தால் ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். வேறு கார் வைத்திருப்பவர்கள் தங்கள் பாக்ஸின் விகிதத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம். டயரை 195/50க்கு மாற்றியிருந்தால் சுற்றளவு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும், எல்லா ஆர்பிஎம்மும் அதே அளவு கூடும்.

கியர் ஏற்றும்போது ஊசி எவ்வளவு விழ வேண்டும்? ஒன்றிலிருந்து இரண்டுக்கு 35 விழுக்காடு. இரண்டிலிருந்து மூன்றுக்கு 31. மூன்றிலிருந்து நான்குக்கு 24, நான்கிலிருந்து ஐந்துக்கு 23. பட்டணத்துக்குள் 3,000 சுற்றில் மாற்றினால் ஒன்று–இரண்டில் ஊசி 1,950 வரை இறங்க வேண்டும், மூன்று–நான்கில் 2,280 வரை இறங்கினால் போதும். முதல் மாற்றத்துக்குத்தான் எஞ்சினுக்கு அதிக நேரம் தேவை. நாம் செய்வது நேர் எதிர். சமிக்ஞை விளக்கில் பின்னால் லோரி ஹாரன் அடிக்கிறது என்று முதல் மாற்றத்தைத்தான் எல்லாவற்றையும்விட அவசரமாக முடிக்கிறோம். குத்தல் அங்கே வருவதில் ஆச்சரியம் என்ன?

குத்தலிலும் இரண்டு ரகம் உண்டு. உடம்பே பிரித்துச் சொல்லிவிடும். கிளட்சை விட்டதும் கார் முன்னால் எகிறி முதுகு சீட்டில் ஒட்டினால் ஊசி இன்னும் மேலேயே இருந்திருக்கிறது, சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். தலை முன்னால் சாய்ந்து கார் பிடித்து நிறுத்தியதுபோல் ஆனால் ஊசி தேவைக்குக் கீழே விழுந்துவிட்டது, தாமதித்துவிட்டீர்கள். முதல் ரகத்துக்கு வைத்தியம் ஒரு கணம் பொறுப்பது. இரண்டாவதற்கு, கையை வேகப்படுத்துவது அல்லது கிளட்ச் கவ்வும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை நூல் அளவு மிதித்து வைத்திருப்பது. கியர் மாற்றும்போது சுற்று விழுவதற்குப் பதில் "வீர்" என்று ஏறினால் அது வேறு கதை: கிளட்சை மிதித்தபின்தான் வலது காலை எடுக்கிறீர்கள். இரண்டு காலும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். சந்தேகம் இருந்தால் வலது கால் ஒரு மயிரிழை முந்தட்டும்.

நம் ஊரில் ஏர்கோன் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை. கம்ப்ரெசர் ஓடும்போது அது எஞ்சினுக்கு ஒரு பாரம், அதனால் ஊசி வேகமாக விழும். காலையில் ஜன்னலைத் திறந்துகொண்டு ஓட்டும்போது பதமாக இருந்த கை, மத்தியானம் ஏர்கோனோடு ஓட்டும்போது கொஞ்சம் தாமதமாகத் தெரிவது இதனால்தான். காரில் கோளாறு எதுவும் இல்லை.

ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) இலேசாக்கியவர்களுக்கும் இதே புகார்தான், ஆனால் பல மடங்கு. சில கிலோ குறைத்தால் எஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று விழும். பந்தயத்தில் அது வரம். வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டுபவருக்கு, சாவகாசமாகக் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சுற்று தேவைக்குக் கீழே போய் நிற்கும், கார் தலையாட்டும். தேய்ந்த எஞ்சின் மவுண்டிங்கும் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) கூட இருந்தால் பின் சீட்டில் இருக்கும் அம்மா வாயைத் திறந்தே திட்டுவார். என்னைக் கேட்டால் தெருவில் ஓடும் காருக்கு முதலில் மவுண்டிங்கை மாற்றுங்கள். ஃப்ளைவீல் ஆசை அப்புறம்.

இந்த எஞ்சினை முழுசாக முறுக்கி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. விடெக் (அதிகச் சுற்றில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் ஹோண்டா அமைப்பு) பெரிய கேமுக்கு மாறுவது 5,500க்கும் 5,600க்கும் பக்கத்தில். 8,000இல் முதல் கியரை விட்டால் இரண்டில் ஊசி 5,210இல் விழும், அதாவது விடெக் கோட்டுக்குக் கீழே. கார் ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் சோர்ந்து, பிறகு கத்தும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,540. கோட்டின்மேல் கால் வைத்த மாதிரி. மூன்றிலிருந்து நான்குக்கு 6,070, கேள்வியே இல்லை. எனவே இரண்டாம் கியரை 7,500இல் விட்டு "விடெக் வேலை செய்யல" என்று சொல்வதில் நியாயம் இல்லை. அது 5,190இல் வந்து நிற்கிறது, எப்படி வேலை செய்யும்? இந்த எஞ்சினின் உச்ச சக்தியே 7,800இல்தான். அதைத் தாண்டி மாற்றினால்தான் விழுந்த இடத்திலும் சக்தி மிச்சம் இருக்கும்.

இனி கியர் மாற்றும் அந்த அரை விநாடிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பலர் குழம்புவது இங்கே. கிளட்சை மிதித்ததும் இரண்டு பொருள்கள் தனித்தனியாகச் சுற்றுகின்றன. ஒரு பக்கம் எஞ்சினும் ஃப்ளைவீலும். இன்னொரு பக்கம் கிளட்ச் தட்டும் பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டும். கியரைத் தள்ளும்போது சிங்க்ரோ வளையம் உரசி இன்புட் ஷாஃப்டை மட்டும் சக்கரத்தின் வேகத்துக்குக் கொண்டுவரும். எஞ்சினை அது தொடாது. எஞ்சினைச் சேர்த்து வைப்பது கிளட்ச் தட்டின் வேலை. ஆகவே கைப்பிடியில் "கர்ர்" என்று பல் அரைத்தால் சிங்க்ரோ பக்கம் பாருங்கள், அல்லது கிளட்ச் முழுசாகப் பிரிகிறதா என்று பாருங்கள். கியர் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், கிளட்ச் விட்டபின் கார் குத்தினால் அது எஞ்சின் சுற்று பொருந்தாதது. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

கியரை இறக்குவதுதான் உண்மையான பரீட்சை. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் 59ஆம் எண் சடக்கில், லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் வரும் வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் மணிக்கு 70இல் வருகிறீர்கள், ஊசி 4,000இல். வளைவுக்குள் 50தான் போக முடியும். 50இல் மூன்றாம் கியர் என்றால் 2,860 சுற்று, வெளியேறும்போது இழுவை இருக்காது. இரண்டாம் கியர் என்றால் 4,130. நடுவில் உள்ள 1,270 சுற்றை யாராவது ஏற்றியாக வேண்டும். நீங்கள் ஏற்றவில்லை என்றால் முன் டயர்கள் ஏற்றும். காய்ந்த சடக்கில் ஒரு குலுக்கலோடு போய்விடும். மழை பெய்து காய்கறி லோரிகள் சேற்றைக் கொட்டிவிட்டுப் போன இடத்தில் முன் சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கும், ஸ்டீயரிங் கையில் செத்துவிடும். பின் சக்கர இழுவையுள்ள ஏஇ86, எம்எக்ஸ்-5 போன்றவையாக இருந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும்.

செய்யும் விதம் இது. முதலில் பிரேக். வலது பாதத்தின் முன் பந்து பிரேக் பெடலின் வலது ஓரத்தில் அழுந்தி இருக்கட்டும், நேர்க்கோட்டில் இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். 55க்கு வந்ததும் கிளட்சை மிதியுங்கள், கைப்பிடியை இரண்டை நோக்கி இழுங்கள். கைப்பிடி நியூட்ரலைக் கடக்கும் நேரத்தில், பிரேக் அழுத்தத்தை மாற்றாமல், பாதத்தின் வலது பக்கத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு தட்டு. ஊசி 4,500ஐத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும்போது கிளட்சை விடுங்கள். கார் அதற்குள் 52, 50 என்று இறங்கியிருக்கும், ஊசியும் 4,200 பக்கம் வந்திருக்கும். இரண்டும் நடுவழியில் சந்திக்கும். சரியாக வந்தால் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். சத்தம் மட்டும் மாறும்.

குறி தவறினால் மேல்பக்கம் தவறுவது நல்லது. 200 சுற்று கூடுதலாக இருந்தால் கார் இலேசாக முன்னால் தள்ளும், அவ்வளவுதான். 200 குறைந்தால் டயரைப் பிடித்து இழுக்கும். நினைவில் வைக்கச் சுலபமான கணக்கு: மூன்றிலிருந்து இரண்டுக்கு இருக்கும் சுற்றோடு 45 விழுக்காட்டைக் கூட்டுங்கள், ஐந்து–நான்கிலும் நான்கு–மூன்றிலும் 30ஐக் கூட்டுங்கள். ஓடும் காரில் முதல் கியருக்கு இறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அங்கே 53 விழுக்காடு ஏற்ற வேண்டும், சிங்க்ரோவுக்கும் அது பெரிய தண்டனை.

பழகுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது, தட்டும்போது பிரேக்கையும் சேர்த்து அழுத்திவிடுவது. கார் மூக்கைக் குத்தும், பின்னால் வருபவர் பதறுவார். முதலில் பிரேக் இல்லாமல், தோட்டத்துப் பக்கம் ஆளில்லாத நேரான சடக்கில், வெறும் தட்டலை மட்டும் பழகுங்கள். அது காலில் ஊறியபின் பிரேக்கைச் சேர்க்கலாம். அடுத்த தவறு, பயந்து பயந்து ஆக்சிலரேட்டரைத் தடவுவது. தடவினால் எஞ்சின் சோம்பலாக ஏறும், அதற்குள் கிளட்ச் வந்துவிடும். கதவைத் தட்டுவதுபோல் சுருக்கென்று தட்டிவிட்டு எடுக்க வேண்டும். பெடல்களின் உயரமும் முக்கியம். பிரேக்கை நன்றாக அழுத்தியபின் அது ஆக்சிலரேட்டருக்குச் சற்று மேலேயோ சமமாகவோ இருந்தால்தான் பாதம் சாயும். பிரேக் எண்ணெய் பழசாகிப் பெடல் பஞ்சுபோல் தரைக்குப் போகிற காரில் எந்த மன்னனாலும் இதைச் செய்ய முடியாது. சிலிப்பர் போட்டுக்கொண்டு செய்கிறேன் என்பவரிடம் எனக்குப் பேச்சில்லை.

கிளட்சை மிதித்தபடி தட்டுவதால் எஞ்சின் மட்டும்தான் ஏறுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்புட் ஷாஃப்டை ஏற்றும் பாரம் இன்னும் சிங்க்ரோ தலையில்தான். இரண்டாம் கியரின் சிங்க்ரோ தேய்ந்த காரில் எவ்வளவு அழகாகத் தட்டினாலும் "கர்ர்" நிற்காது. அங்கேதான் பழைய லோரி டிரைவர்களின் இரட்டைக் கிளட்ச் உதவும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், இப்போது தட்டுங்கள், திரும்பக் கிளட்சை மிதித்துக் கியரைப் போடுங்கள். நடுவில் கிளட்சை விட்டதால் இன்புட் ஷாஃப்டும் எஞ்சினோடு சேர்ந்து ஏறிவிடும், கியர் வெண்ணெய்போல் விழும். நல்ல சிங்க்ரோ உள்ள காரில் இது தேவையில்லை. தேய்ந்த பாக்ஸைத் திறக்கக் காசு சேர்க்கும்வரை காலத்தை ஓட்ட இது போதும்.

மலையிலிருந்து இறங்கும்போது "நியூட்ரல்ல விட்டா எண்ணெய் மிச்சம்" என்று சொல்லும் மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டால், சுற்று ஐடிலுக்கு (கால் வைக்காதபோது எஞ்சின் தானாகச் சுற்றும் குறைந்த வேகம்) மேலே போதிய உயரத்தில் இருக்கும்வரை இன்ஜெக்டரே மூடிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலைக் காப்பாற்ற எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பிரேக்கும் போய், சக்கரத்துப் பிரேக் சூடேறிப் புகையும்.

இப்போது ஊசியை வைத்து நோய் பார்ப்பது. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் நியூட்ரலில் 3,000இல் பிடித்து, காலைச் சட்டென்று எடுங்கள். ஊசி தயங்காமல் விழுந்து ஐடிலில் நிற்க வேண்டும். 1,500, 2,000 என்று நடுவில் தொங்கினால் எங்கோ காற்று கள்ளத்தனமாக உள்ளே போகிறது. வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம், த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவு) கேபிள் இறுகியிருக்கலாம், ஐடில் வால்வு அழுக்கேறியிருக்கலாம். ஹாஃப் கட்டோடு வரும் ரப்பர் குழாய்கள் ஏற்கனவே கிழடு தட்டியவை. நம் வெயிலில் எஞ்சின் அறையில் இன்னும் கொஞ்ச நாள் வெந்தால் விரலால் அழுத்தினாலே விரிசல் தெரியும். முதலில் அவற்றை மாற்றுங்கள், மலிவான வேலை. ஊசி ஐடிலுக்கும் கீழே போய் எஞ்சின் தத்தளித்தால் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவுங்கள்.

புதிய கார்களில் தொங்கல் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மின்சார த்ராட்டில் வந்தபின், காலை எடுத்ததும் த்ராட்டிலைப் பட்டென்று மூடாமல் மெதுவாக மூடும்படி கணினியை எழுதி வைத்திருக்கிறார்கள். திடீரென்று மூடினால் எரியாத எண்ணெய் புகையோடு வெளியே போகும், புகைச் சட்டம் அதை அனுமதிக்காது. அந்தக் காரில் ஒன்று–இரண்டில் இன்னும் அரை மூச்சு பொறுத்து மாற்றுவதுதான் வழி.

நான்காம் கியரில் ஏற்றத்தில் 50இல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஊசி மட்டும் ஏறினால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது, முடிந்தது. எதிர்த் திசைக் கோளாறு, கிளட்ச் முழுசாகப் பிரியாதது. நிற்கும் காரில் கிளட்சை மிதித்து ஐந்து எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அதன் பிறகும் அரைத்தால் இன்புட் ஷாஃப்ட் நிற்கவே இல்லை. கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள், கீழ்ப் பம்பின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் பம்பு போய்விட்டது. இல்லையென்றால் எண்ணெயை மாற்றிக் காற்றை எடுங்கள். இந்த ஈரப்பதத்தில் அந்த எண்ணெய் தண்ணீரை உறிஞ்சிக் கறுத்துவிடும். இரண்டு ஆண்டுக்கு மேல் விடாதீர்கள். இ.ஜி.க்கு முந்தைய இ.எஃப். சிவிக் காலத்துப் பாக்ஸ் என்றால் பம்பு கிடையாது, கேபிள்தான். அதன் இழுவையைச் சரிபாருங்கள்.

பாக்ஸ் எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். கடைக்காரர் "கனமானது, நல்லது" என்று கொடுக்கும் ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெயின் கந்தகக் கலவை பித்தளைச் சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். வழுவழுப்பும் கூடுதல் என்பதால் வளையம் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் சறுக்கும். கையேட்டில் சொன்ன எண்ணெயை, நிரப்பும் ஓட்டையில் வழியும் வரை ஊற்றுங்கள். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி ஊற்றினால் அளவு தப்பும்.

தட்டும் வேலையைக் காரே செய்துகொள்வதும் வந்துவிட்டது. 2009 மாடல் நிஸான் 370இசட் தொடங்கிவைத்தது. இப்போது சிவிக் டைப் ஆரிலும் ஜிஆர் யாரிஸ் மேனுவலிலும் இருக்கிறது. கியர் போகும் இடத்தை உணர்ந்து கணினி ஊசியைக் கொண்டுபோய் வைக்கும். குறைசொல்ல ஒன்றும் இல்லை, மழையில் என்னைவிடச் சரியாகச் செய்யும்.

எந்தக் கணினியும் காப்பாற்றாத தவறு ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் 110இல் ஐந்தாம் கியர், ஊசி 3,650. முந்துவதற்காக நான்குக்கு இறக்கினால் 4,770. அவசரத்தில் கைப்பிடியை இடது பக்கம் அமுக்கி இழுத்து அது இரண்டில் விழுந்தால் 9,080. சிவப்புக் கோடு எங்கோ கீழே நிற்கும். எண்ணெயை வெட்டும் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் எஞ்சினைச் சுற்றுவது இப்போது எண்ணெய் இல்லை, சக்கரம். வால்வு ஸ்பிரிங் பின்தங்கும், மூடாத வால்வின் தலையில் பிஸ்டன் வந்து இடிக்கும். நம் ஊர் வலது கை ஸ்டீயரிங் கார்களில் ஒன்று–இரண்டு வரிசை ஓட்டுநருக்கு அப்பால், பயணி பக்கம் இருக்கிறது. ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது கைப்பிடியைப் பிடித்துத் தள்ளாதீர்கள். பக்கவாட்டு அழுத்தத்தை விட்டுவிட்டு, விரல் நுனியால் நேராகப் பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே அதை நடு வரிசைக்குக் கொண்டுவந்து நான்கில் சேர்க்கும். மவுண்டிங்கும் லீவர் புஷ்ஷும் தேய்ந்த காரில் வரிசைகள் இடம் மாறித் தெரியும், அதில்தான் இது அதிகம் நடக்கும்.

நடந்துவிட்டால் உடனே கிளட்சை மிதித்து ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை லோரியைக் கூப்பிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய், டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றிக் கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்த வால்வு வளைந்துவிட்டது, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.